50 ஹெர்ட்ஸ் ஹம்மை வைத்தே டிஎஸ்பி சந்தேகங்களைத் தீர்ப்பது எப்படி: வேலூர்ப் பக்கத்து எஞ்சினியரிங் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆர்டுயினோ போர்டில் டேட்டா எடுத்து, லேப்டாப்பில் எஃப்எஃப்டி (சிக்னலில் எந்தெந்த ஃப்ரீக்வன்சி எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டால் 260 ஹெர்ட்ஸில் ஒரு பீக் நிற்கிறது. அறையில் 260 ஹெர்ட்ஸில் ஓடும் பொருள் எதுவும் கிடையாது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்) பேப்பர் படிப்பவர்களும் ப்ராஜெக்ட் செய்பவர்களும் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு உறவுதான். அத்தனைக்கும் ஒரே பழக்கம் உதவும். எஃப்எஃப்டி வரைந்து தரும் எந்த ஸ்பெக்ட்ரத்தைப் பார்ப்பதற்கு முன்பும் இரண்டு எண்களை நோட்டில் எழுதிவிடுங்கள்: நொடிக்கு எத்தனை சாம்பிள், மொத்தம் எத்தனை நொடி. முதல் எண்ணில் பாதிதான் கிராஃபின் வலது எல்லை. இரண்டாவது எண்ணால் 1-ஐ வகுத்தால் வருவதுதான் அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு (கிராஃபில் உள்ள ஃப்ரீக்வன்சிப் புள்ளிகளுக்கு) நடுவே உள்ள இடைவெளி. 4 நொடி பதிவு செய்தால் 0.25 ஹெர்ட்ஸ். சாம்பிளிங் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்த 0.25 மாறாது. வலது எல்லை மட்டும் தள்ளிப் போகும். இதை மனத்தில் இருத்திக்கொண்டு, ஹாஸ்டல் அறையிலேயே கிடைக்கும் ஒரு சிக்னலை எடுத்து ஒவ்வொரு சந்தேகமாகப் பார்ப்போம்.

சிக்னல் பிடிப்பது

வேண்டியவை: ஓர் ஆர்டுயினோ ஊனோ, 1 மெகாஓம் ரெசிஸ்டர் இரண்டு, பிரெட்போர்டு, 30 செ.மீ. நீளத்தில் பிளாஸ்டிக் உறை உள்ள ஒற்றை வயர். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இரண்டு ரெசிஸ்டரையும் வரிசையாகப் போடுங்கள். இரண்டும் சேரும் புள்ளியை போர்டின் முதல் அனலாக் உள்ளீட்டில் (A0) கொடுங்கள். அங்கே 2.5 வோல்ட் நிற்கும், வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி அதை 512 பக்கமாகப் படிக்கும். அதே புள்ளியில் வயரின் ஒரு முனையைச் செருகி, மறுமுனையை உறையோடு சும்மா விட்டுவிடுங்கள். சுவருக்குள் ஓடும் கரண்ட் லைனுக்கும் இந்த வயருக்கும் நடுவே சில பிக்கோஃபேரட் கப்பாசிட்டன்ஸ் இருக்கும். அதன் வழியாக 50 ஹெர்ட்ஸ் ஹம் உள்ளே வரும். ஸ்விட்ச் போர்டுக்கு அருகே கொண்டுபோனால் கூடும், தள்ளினால் குறையும். வயரை எந்தக் காரணத்துக்கும் பிளக் பாயிண்ட்டுக்குள் விடக்கூடாது. தொடாமலேயே வரும் சிக்னல் இது.

இனி அந்த 260 ஹெர்ட்ஸ். புரோகிராமில் ஒரு மில்லிசெகண்ட் டிலே போட்டுவிட்டால் நொடிக்கு 1000 சாம்பிள் வரும் என்று பலரும் நம்புகிறார்கள். போர்டிலிருந்து லேப்டாப்புக்கு டேட்டா போகும் சீரியல் வேகம் வழக்கப்படி நொடிக்கு 9600 பிட்டில் கிடக்கும். ‘512’ என்று அச்சிட 3 எழுத்து, வரி மாற்றத்துக்கு 2 எழுத்து, ஆக 5 எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் 10 பிட் என்றால் ஒரு சாம்பிளுக்கு 50 பிட். 9600-ஐ 50-ஆல் வகுத்தால் 192. நொடிக்கு 192 சாம்பிளுக்கு மேல் அந்தக் கேபிளில் போகவே முடியாது. தொடக்கத்தில் சில சாம்பிள்கள் பஃபரில் ஏறிக்கொள்ளும், பஃபர் நிரம்பியதும் புரோகிராம் காத்து நிற்கும். டேட்டா 192-ல் எடுக்கப்பட்டது. நீங்களோ 1000 என்று சொல்லி எஃப்எஃப்டி போடுகிறீர்கள். அப்போது 50 ஹெர்ட்ஸ், 50 ÷ 192 × 1000 என்று கணக்காகி 260-ல் போய் உட்காரும். எஃப்எஃப்டியின் மேல் தவறே இல்லை. அதற்கு நேரம் தெரியாது, வரிசை மட்டும்தான் தெரியும். ஹெர்ட்ஸ் என்ற அலகை எழுதுவது நாம்தான்.

சரிசெய்யும் முறை இது. சீரியல் வேகத்தை 115200 ஆக்குங்கள். இப்போது நொடிக்கு 2304 சாம்பிள் வரை இடம் உண்டு, 1000 தாராளமாகப் போகும். டிலேயை எடுத்துவிட்டு, மைக்ரோசெகண்ட் கடிகாரத்தைப் பார்த்து, ‘அடுத்த நேரம்’ என்ற மாறியில் ஒவ்வொரு முறையும் 1000 கூட்டுங்கள். இப்போதைய நேரத்தோடு 1000 கூட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் சில மைக்ரோசெகண்ட் கசிந்து, வேகம் மெல்லக் குறையும். பழைய ‘அடுத்த நேரத்தோடு’ கூட்டினால் கசிவு சேராது. ஊனோவில் இந்தக் கடிகாரம் 4 மைக்ரோசெகண்ட் படிகளில் நகர்வதால், இடைவெளியை 4-இன் மடங்காக வைப்பது நல்லது. சாம்பிள்களைப் போர்டிலேயே சேமித்துவைத்துப் பிறகு அனுப்பலாமே என்றால், அதன் ரேம் மொத்தமே 2 கிலோபைட். 1000 சாம்பிளுக்கு 2000 பைட் போய்விடும், புரோகிராமுக்கு இடம் மிஞ்சாது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. முதல் சாம்பிளின் நேரத்தையும் 5000-ஆவது சாம்பிளின் நேரத்தையும் அச்சிட்டு, நடுவே உள்ள 4999 இடைவெளிகளை அந்த நேர வித்தியாசத்தால் வகுத்து உண்மையான வேகத்தைக் கணக்கிடுங்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் போக வேண்டியது இந்த அளந்த எண்தான்.

இரண்டு மடங்கு போதுமா?

போதாது. சிக்னலின் ஃப்ரீக்வன்சியைப் போல ‘இரண்டு மடங்குக்கு மேல்’ வேகத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும் என்பதுதான் தேற்றம். நைக்விஸ்ட் 1928-லும் ஷானன் 1949-லும் எழுதியதை நாம் சுருக்கிச் சுருக்கி அந்த ‘மேல்’ என்ற சொல்லைத் தொலைத்துவிட்டோம். 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் சரியாக 100 சாம்பிளில் எடுத்துப் பாருங்கள். முதல் சாம்பிள் பூஜ்யத்தில் விழுந்தால் அடுத்தது அரைச்சுற்று தாண்டி மறுபடியும் பூஜ்யத்தில் விழும். எல்லாமே பூஜ்யம், சிக்னலே இல்லாதது போல இருக்கும். தொடக்கம் கொஞ்சம் தள்ளியிருந்தால் ஏதோ ஓர் உயரம் வரும், ஆனால் அது உண்மையான உயரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 60-ல் எடுத்தால் 10 ஹெர்ட்ஸாகத் தெரியும். 49-ல் எடுத்தால் நொடிக்கு ஒருமுறை மூச்சு விடுவது போல 1 ஹெர்ட்ஸ் அலை வரும். இப்படி மடிந்து வேறொரு ஃப்ரீக்வன்சியாகத் தெரிவதுதான் அலியாசிங்.

நெகட்டிவ் ஃப்ரீக்வன்சி என்றால் என்ன என்ற கேள்விக்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. வேலூர் வெயிலில் சீலிங் ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடும். நிமிடத்துக்கு 350 சுற்று, 3 இறக்கை என்றால், ஓர் இடத்தை நொடிக்கு 17.5 இறக்கை கடக்கிறது. பகல் வெளிச்சத்தில் நொடிக்கு 30 ஃபிரேமில் மொபைலில் வீடியோ எடுங்கள். 30-இல் பாதி 15. 17.5 அதைத் தாண்டிவிட்டதால் 17.5 − 30 = −12.5 ஆக மடிகிறது. வீடியோவில் ஃபேன் பின்பக்கமாகச் சுற்றும். அந்தக் கழித்தல் குறி வெறும் கணக்குக் குறியல்ல, சுற்றும் திசை. ஒரு சைன் அலையை எதிரெதிர் திசையில் சுற்றும் இரண்டு அம்புகளின் கூட்டாக எழுதுவதால்தான் ஸ்பெக்ட்ரத்தில் அது இரு பக்கமும் பாதிப் பாதியாக நிற்கிறது.

சாம்பிள் இடைவெளி நீண்டால் என்ன போகும் என்பதற்கு ஜவ்வாது மலையில் ஒரு சாட்சி உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூர் வான்நோக்கு நிலையத்திலும் அந்த ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரியவந்தது அன்றைய பதிவுகளால்தான். வளையம் குறுக்கே வந்த சிறு பொழுது மட்டும் ஒளி குறைந்தது. அந்தப் பள்ளத்தைவிட நீளமான இடைவெளியில் அளந்திருந்தால் பள்ளம் இரண்டு அளவீடுகளுக்கு நடுவே விழுந்து மறைந்திருக்கும்.

அலியாசிங்கைச் சாம்பிளிங்குக்குப் பிறகு ஃபில்டரால் நீக்கலாமா?

முடியாது. பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போல. 960 ஹெர்ட்ஸ் இரைச்சல் 1000 சாம்பிளில் 40 ஹெர்ட்ஸாக மடிந்தபின், உண்மையான 40-இலிருந்து அதைப் பிரிக்க எந்த அல்காரிதமாலும் ஆகாது. ஏடிசிக்கு முன்னாலேயே ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் போட்டாக வேண்டும்.

எதை அடக்க வேண்டும் என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். உங்களுக்கு வேண்டிய சிக்னல் 40 ஹெர்ட்ஸ் வரை, வேகம் 1000 என்றால், 500-ஐக் கண்டு பயப்பட வேண்டாம். 40-க்குள் மடிந்து விழுவது 960-லிருந்து தொடங்குகிறது. 10 கிலோஓம், 0.1 மைக்ரோஃபேரட் போட்டால் கட்-ஆஃப் 159 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸில் 3 சதவீத உயரம்தான் குறையும், 960-ல் ஆறில் ஒரு பங்காக அடங்கும், அதாவது ஏறக்குறைய 16 டெசிபல். அது போதாதென்றால் சாம்பிளிங் வேகத்தைக் கூட்டுவது பெரும்பாலும் இன்னொரு ஃபில்டர் படியைச் சேர்ப்பதைவிட எளிது. ரெசிஸ்டரை 10 கிலோஓமுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஊனோவின் ஏடிசி அதற்குள் இருக்கும் சோர்ஸ் இம்பீடன்சுக்காகத்தான் வடிவமைக்கப்பட்டது. மேலே நாம் மெகாஓம் போட்டது ஒரே சேனலைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் ஓடுகிறது. இரண்டு சேனலை மாற்றி மாற்றிப் படித்தால் ஒன்றின் மிச்சம் மற்றதில் கசியும்.

எஃப்எஃப்டிக்கு 1024 புள்ளிதான் வேண்டுமா?

1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட முறை 2-இன் அடுக்குகளில் அழகாக ஓடும் என்பது உண்மை. அதனால் 1024 என்பது சட்டமாகவே ஆகிவிட்டது. பைதானிலோ ஆக்டேவிலோ 1000 புள்ளி கொடுத்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும். இரண்டையும் போட்டு ஒப்பிடுங்கள். 1000 சாம்பிள், 1 நொடி என்றால் இடைவெளி 1 ஹெர்ட்ஸ், 50 சரியாக 50-ஆவது பின்னில் விழும். 1024 என்றால் இடைவெளி 0.9766, 50 ஹெர்ட்ஸ் 51.2-ஆவது இடத்தில் விழ வேண்டும். அப்படியொரு பின் இல்லை. பீக் 51-ஆவது பின்னில் நின்று 49.8 ஹெர்ட்ஸ் என்று காட்டும், உயரம் 6 சதவீதம் குறையும், இருபுறமும் பாவாடை போல விரியும். மின்வாரியத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கவனியுங்கள். நம் நாட்டில் கிரிட் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது விதி. போதாததற்கு, ஒரிஜினல் ஊனோவின் கடிகாரம் செராமிக் ரெசனேட்டர், அரை சதவீதம் வரை பிசகலாம். 50-இல் அரை சதவீதம் 0.25 ஹெர்ட்ஸ். ஆகவே கிரிட் ஃப்ரீக்வன்சியை ஊனோவால் அளந்தேன் என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டுமானால், கிறிஸ்டல் உள்ள ஒரு கடிகாரத்தோடு ஒப்பிட்டாக வேண்டும்.

அந்தப் பாவாடைதான் லீக்கேஜ். பதிவின் தொடக்கமும் முடிவும் ஒட்டாமல் இருப்பதால் வருகிறது. எஃப்எஃப்டி உங்கள் 1.024 நொடித் துண்டை வளையமாக வளைத்து முனைகளை ஒட்டவைத்துப் பார்க்கிறது. 51.2 சுற்று ஓடிய அலை ஒட்டும் இடத்தில் துண்டாகிறது. ஓரங்களில் தாழும் ஒரு வளைவால் பதிவைப் பெருக்கினால், அதாவது விண்டோ போட்டால், இரு முனையும் பூஜ்யத்தை நோக்கி இறங்கிவிடும். எதைப் போடுவது? ஒன்றும் போடாவிட்டால் முதல் சைட்லோப் (பீக்குக்குப் பக்கத்தில் எழும் சிறு மேடு) −13 டெசிபல், ஹான் −31, ஹேமிங் −43, பிளாக்மேன் −58. ஹான் போட்டாலே பத்தில் எட்டு வேலை முடிந்துவிடும். ஹேமிங்கின் முதல் லோப் ஹானைவிடத் தாழ்வுதான், ஆனால் தூரத்து லோப்கள் மெதுவாகவே இறங்கும். ஹானில் அவை வேகமாகச் சரியும். விலை ஒன்று உண்டு: பீக்கின் அகலம் இரண்டு மடங்காகும்.

வரிசையைச் சரியாகச் செய்ய வேண்டும். முதலில் சராசரியைக் கழியுங்கள், 512 அப்படியே இருந்தால் பூஜ்ய ஹெர்ட்ஸில் மலை நின்று மற்றதையெல்லாம் மறைக்கும். அதற்குப் பிறகு விண்டோவால் பெருக்கி, எஃப்எஃப்டி போட்டு, அளவைப் புள்ளி எண்ணிக்கையால் வகுத்து, 2-ஆல் பெருக்குங்கள். இந்த 2 ஃபேனில் பார்த்த அந்த இரண்டு அம்புகளுக்கானது. பூஜ்ய பின்னுக்கும் கடைசிப் பின்னுக்கும் அது வேண்டாம். ஹான் போட்டிருந்தால் இன்னொரு 2-ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் அந்த விண்டோவின் சராசரி 0.5. விண்டோ போட்டுவிட்டுச் சராசரியைக் கழித்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்துப் பின்களில் பொய்யான பீக் எழும்.

ஜீரோ பேடிங் (பதிவின் கடைசியில் பூஜ்யங்களைச் சேர்ப்பது) ரெசல்யூஷனைக் கூட்டுமா என்பது வைவாவில் தவறாமல் வரும். கூட்டாது. இருக்கிற வளைவை நெருக்கமான புள்ளிகளில் வரைந்து காட்டும், அவ்வளவுதான். அரை நொடிப் பதிவில் 50-ம் 51-ம் கலந்திருந்தால் பத்தாயிரம் பூஜ்யம் சேர்த்தாலும் ஒரே மேடுதான். இரண்டு நொடி பதிவு செய்யுங்கள், பிரிந்துவிடும். ஒரே ஒரு அலை மட்டும் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் கதை வேறு. அப்போது பீக்கின் உச்சியைத் துல்லியமாகக் காண ஜீரோ பேடிங் உதவும்.

கரண்ட் போனால் இன்னும் நல்லது

இன்வெர்ட்டர் மாறியதும் அதே வயரில் மறுபடி பதிவு எடுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் 50, 150, 250, 350, 450 என்று ஒற்றைப்படை மடங்குகள் வரிசையாக நிற்கும். ஃபோரியர் சீரிஸ்படி அவற்றின் உயரம் 1, மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று இறங்க வேண்டும். ஆனால் நீங்கள் பார்ப்பது அப்படிச் சீராக இறங்காது, மேல் ஹார்மோனிக்குகள் எதிர்பார்த்ததைவிட உயரமாக நிற்கும். காரணம் அந்தச் சில பிக்கோஃபேரட். கப்பாசிட்டர் வழி வரும் கரண்ட் வோல்டேஜ் மாறும் வேகத்தைப் பொறுத்தது, அதாவது வயர் டிஃபரன்ஷியேட் செய்துகொண்டிருக்கிறது. டிஃபரன்ஷியேட் செய்தால் ஸ்பெக்ட்ரம் ஃப்ரீக்வன்சியால் பெருக்கப்படும் என்று நோட்டில் ஒரு வரியாக எழுதினீர்களே, அந்த வரிதான் இது. மூன்றில் ஒன்றை மூன்று மடங்காக்கினால் ஒன்று. நேர வரைபடத்திலும் சதுரம் தெரியாது, விளிம்பு வரும் இடங்களில் கூர்முனைகள்தான் தெரியும்.

இங்கே ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. 550-ம் 650-ம் கூட உள்ளே வருகின்றன. 1000 சாம்பிளில் 550 மடிந்து 450-ல் விழும், 650 மடிந்து 350-ல் விழும். ஏற்கெனவே அங்கே இருக்கும் உண்மையான ஹார்மோனிக்கின் தலையிலேயே உட்கார்ந்துகொள்வதால் அலியாசிங் நடந்ததே தெரியாது. கண்டுபிடிக்க ஓர் எளிய வழி, சாம்பிள் இடைவெளியை 1100 மைக்ரோசெகண்டாக மாற்றுங்கள். வேகம் 909.1 ஆகும். உண்மையான பீக்குகள் நின்ற இடத்திலேயே நிற்கும். 550 மட்டும் 359-க்கும், 650 மட்டும் 259-க்கும் நகர்ந்து மாட்டிக்கொள்ளும். எந்தப் பீக்கின் மேல் சந்தேகம் வந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது.

கன்வல்யூஷன், சுருக்கமாக

ஒரு சிக்னலை ஃபில்டர் வழியே செலுத்தும் கணக்குதான் கன்வல்யூஷன். கைக்கு எட்டும் வழி ஒன்று: அது ‘மிச்சம்’ (கேரி) எடுத்துச் செல்லாத பெருக்கல். 1, 2, 3, 4 என்ற சிக்னலையும் 1, 1, 1 என்ற ஃபில்டரையும் சேர்க்க 1234 × 111 போடுங்கள். 136974. கன்வல்யூஷனின் விடையும் 1, 3, 6, 9, 7, 4. நீளம் 4 + 3 − 1 = 6. 4 புள்ளி சர்க்குலர் கன்வல்யூஷன் என்றால் கடைசி 7-ம் 4-ம் சுற்றிவந்து முதல் இரண்டின் மேல் விழும்: 8, 7, 6, 9. எஃப்எஃப்டி வழியாக ஃபில்டர் செய்யும்போது தொடக்கத்தில் குப்பை வருவது இதனால்தான். 6 புள்ளி வரை பூஜ்யம் சேர்த்துவிட்டால் வராது. ஜீரோ பேடிங்கின் உண்மையான தேவை இங்கேதான்.

50 ஹெர்ட்ஸை நீக்குவது, ஈசிஜியில் கவனிக்க வேண்டியது

சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊர் என்பதாலோ என்னவோ, இங்கே ஈசிஜி ப்ராஜெக்ட்டுக்கு ஆசைப்படுவோர் அதிகம். உள்ளே வரும் சாம்பிள்களை மட்டும் எண்களால் பெருக்கிக் கூட்டும் எஃப்ஐஆர் ஃபில்டரால் 50-ஐ மட்டும் வெட்ட நினைத்தால் விலை கூடும். ஹேமிங் விண்டோவில் 10 ஹெர்ட்ஸ் அகலத்தில் இறங்க 1000 சாம்பிளுக்கு ஏறக்குறைய 330 டேப் (பெருக்கும் எண்கள்) வேண்டும், தாமதம் 165 மில்லிசெகண்ட். தன் பழைய விடைகளையும் திரும்பச் சேர்த்துக்கொண்டு ஒரே ஃப்ரீக்வன்சியை வெட்டும் இரண்டாம் படி ஐஐஆர் நாட்ச் ஒன்று போதும். யூனிட் சர்க்கிளில் 50 ஹெர்ட்ஸ் கோணத்தில், அதாவது ±18 டிகிரியில், இரண்டு ஜீரோ (அந்த ஃப்ரீக்வன்சியை அழிக்கும் புள்ளி). அதே கோணத்தில் சற்று உள்ளே, ஆரம் 0.98-ல், இரண்டு போல் (பள்ளத்தைக் குறுக்கி மற்றவற்றைக் காக்கும் புள்ளி). நொடிக்கு 1000 சாம்பிள் என்றால் நியூமரேட்டர் கோஎஃபிஷியன்ட் 1, −1.9021, 1. டினாமினேட்டரில் 1, −1.8641, 0.9604. மொத்தத்தையும் 0.984-ஆல் பெருக்கினால் டிசி கெயின் 1 ஆகும். இந்த நான்கு தசம இடங்களையும் குறைக்காதீர்கள். −1.9 என்று எழுதினால் ஜீரோ 18.2 டிகிரிக்குப் போய், பள்ளம் 50.5 ஹெர்ட்ஸில் விழும்.

வெட்டும் அகலம் சுமார் 6.4 ஹெர்ட்ஸ். 0.99 வைத்தால் 3.2 ஆகக் குறையும், ஆனால் அதிர்வு அடங்கும் நேரம் 50 மில்லிசெகண்டிலிருந்து 100 ஆகக் கூடும். குறுகலான பள்ளமும் சீக்கிரம் அடங்குவதும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஈசிஜியில் இது பெரிய விஷயம். ஒவ்வொரு துடிப்பிலும் வரும் கூர்மையான ஆர் அலை ஃபில்டரை ஒரு தட்டுத் தட்டும், அந்த அதிர்வு அடுத்து வரும் எஸ்டி பகுதியின் மேல் விழும். மருத்துவர் முக்கியமாகப் பார்க்கும் இடங்களில் அது ஒன்று. 0.5 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் போட்டாலும் அதே பகுதி சாயும். நோயறியும் பதிவுக்கு 0.05-லிருந்து 150 ஹெர்ட்ஸ் வரை கேட்பதும், வெறும் கண்காணிப்புக்கு 0.5-லிருந்து 40 போதும் என்பதும் அதனால்தான். உங்கள் ப்ராஜெக்ட் இதயத் துடிப்பை மட்டும் எண்ணுகிறதா, அலையின் வடிவத்தைப் பேசுகிறதா என்பதை முதல் ரிவ்யூவுக்கு முன்பே தீர்மானியுங்கள். முன்னும் பின்னும் இருமுறை ஓட்டி ஃபேஸ் பிசகை நீக்கும் வழி பதிவு செய்து வைத்த டேட்டாவுக்குத்தான், நேரலைக்கு ஆகாது.

10 பிட் ஏடிசியில் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். ஈசிஜி மொத்தமே 1 மில்லிவோல்ட் அளவு. பெருக்காமல் நேராகக் கொடுத்தால் ஒரு படிகூட அசையாது, ஆகவே முன்னால் ஆயிரம் மடங்கு அளவுக்குப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் மாடியூல் வேண்டும். எலக்ட்ரோடை உடம்பில் ஒட்டும் முன் லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். எல்லாம் பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். பாதுகாப்புக்கு இது கட்டாயம், கூடவே பல சமயம் ஹம்மும் அங்கேயே குறைந்துவிடும். நாட்ச் போடாத மூல டேட்டாவைத் தனி ஃபைலில், அளந்த சாம்பிளிங் வேகத்தை அதன் பெயரிலேயே எழுதிச் சேமியுங்கள்.